பிலிமில் எடுத்த குறும்படங்களை மட்டும் திரையிடும் மாலை எப்படி இருக்கும்? டிஜிட்டலை விட அதில் அப்படி என்ன வித்தியாசம்?

போயிருக்கிறேன். போனது மட்டுமில்லை, அன்றைக்கு ஓடிய படங்களில் ஒன்று என்னுடையது. அதனால் இந்தப் பதிலில் சொந்தக் கதை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

நான் இருப்பது கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாம் பக்கம். போன நவம்பரில் ஒரு பப்பின் மாடியறையில் அந்தத் திரையிடல் நடந்தது. மடக்கு நாற்காலி நாற்பது இருக்கும். முன்னால் ஒரு திரை. நாற்காலிகளுக்கு நடுவே மேசை மேல், தையல் மெஷின் அளவில் ஒரு சூப்பர் 8 புரொஜெக்டர். விதி எளிது. ஆளுக்கு ஒரே ஒரு சுருள். எடுத்த வரிசைதான் படத்தின் வரிசை, வெட்டி ஒட்டும் வேலை கிடையாது. கழுவிய சுருள் நேராக நடத்துபவர் கைக்குப் போய்விடும், எடுத்தவர்கூட முன்கூட்டித் திரையில் பார்க்க முடியாது. இது அவர்கள் சொந்தமாக யோசித்த விதி இல்லை. 1999-ல் லண்டனில் தொடங்கிய 'ஸ்ட்ரெய்ட் 8' என்ற குறும்படப் போட்டி இந்த மாதிரி விதிகளில்தான் இத்தனை வருடமாக ஓடுகிறது. எங்கள் பேட்டைக்காரர்கள் அதை நாற்பது நாற்காலிக்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டார்கள்.

ஒரு சுருள் என்றால் எவ்வளவு? சூப்பர் 8 என்பது 1965-ல் கோடாக் கொண்டுவந்த வகை. வீட்டில் குழந்தை, பிறந்தநாள், கடற்கரை என்று எடுப்பவர்களுக்காக வந்தது. பிலிமைக் கையால் கோக்கத் தேவையில்லை, பிளாஸ்டிக் காட்ரிட்ஜை உள்ளே தள்ளினால் போதும். அதில் 50 அடி பிலிம் இருக்கும். எண்ணிக்கையில் 3,600 பிரேம். நொடிக்கு 18 பிரேம் வீதம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி, 24 வீதம் என்றால் இரண்டரை நிமிடம். எனக்குச் சுருள், கழுவும் கூலி, தபால் எல்லாம் சேர்த்து 80 பவுண்டு ஆனது. கணக்குப் போட்டால் நொடிக்கு 40 பென்ஸ். விசையை அமுக்கும்போதெல்லாம் பையிலிருந்து சில்லறை உதிர்கிற மாதிரியே இருந்தது.

நான் எடுத்தது ஒரு கொத்து ரொட்டிக் கடை. (எங்கள் ஊரில் கொத்து பரோட்டா. அதை அங்கே போய்ச் சொன்னால் திருத்துவார்கள்.) யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்லைச் சூடாக்குவார். செல்போனாக இருந்தால் அரைமணி நேரம் எடுத்துத் தள்ளிவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். இங்கே அது நடக்காது. இரண்டு சாயங்காலம் காமிரா இல்லாமல் சும்மா நின்று பார்த்தேன். முட்டையை எந்தக் கையால் உடைக்கிறார், தகடு இரண்டையும் எப்போது மாற்றிப் பிடிக்கிறார், ஆவி எந்தப் பக்கம் போகிறது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து வைத்தேன். பதினான்கு ஷாட். கடைசி ஷாட், கொத்துத் தட்டு வாடிக்கையாளர் முன்னால் வந்து உட்காருவது.

மூன்றாம் நாள் எடுத்தேன். பதின்மூன்றாவது ஷாட்டில் அண்ணை கல்லைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து "தம்பி, முடிஞ்சுதோ?" என்றார். இல்லை, இன்னும் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காமிராவைத் திருப்பினேன். மோட்டாரின் சத்தம் மாறியிருந்தது. திறந்து பார்த்தால், காட்ரிட்ஜின் சின்ன ஜன்னலில் தெரிந்த பிலிமில் 'எக்ஸ்போஸ்ட்' என்று அச்சடித்திருந்தது. தீர்ந்துவிட்டது. அளவு காட்டும் முள் இன்னும் கொஞ்சம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஐம்பது வயதுக் காமிரா, அதைக் குறை சொல்லி என்ன பயன்.

சரி, அந்த மாலைக்கு வருகிறேன்.

விளக்கை அணைத்துப் புரொஜெக்டரைப் போட்டதும் அந்தக் கடகடச் சத்தம் எழுந்தது. எனக்கு அது கும்பகோணம். தியேட்டர் பின்பக்கக் குப்பையில் துண்டுப் பிலிம் பொறுக்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். ப்யூஸ் போன பல்பின் அடியை உடைத்து, உள்ளே இருப்பதை உருவி எறிந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அதுதான் லென்ஸ். வெளியே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி ஜன்னல் இடுக்கு வழியாக அனுப்புவான். உள்ளே இருட்டில், அப்பாவின் வேட்டியில், பாதித் தலை வெட்டுப்பட்ட ஒரு கதாநாயகன் தெரிவார். பிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

பன்னிரண்டு படம். ஓடிய நேரம் மொத்தம் முக்கால் மணிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு சுருளையும் கழற்றி மாட்ட வேண்டியிருந்ததால் மாலை மூன்று மணி நேரம் நீண்டது. அந்த இடைவெளியில்தான் எல்லாப் பேச்சும்.

ஒரு பெண் தன் பாட்டியின் தோட்டத்தை வண்ணத்தில் எடுத்திருந்தார். திரையில் வந்ததோ முழுக்க ஆரஞ்சு. பாட்டி, செடி, பூனை எல்லாமே தேநீரில் முக்கியெடுத்த மாதிரி. காரணம் எனக்குத் தெரியும், நானும் அந்தக் குழியில் விழப் போனவன்தான். பழைய காமிராக்களில் சூரியன் படமும் பல்பு படமும் போட்ட ஒரு விசை உண்டு. அந்தக் காலத்து வண்ணச் சுருள்கள் பல்பு வெளிச்சத்துக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. வெயிலில் எடுத்தால் நீலம் பாயும், அதைத் தடுக்கக் காமிராவுக்குள்ளேயே ஓர் ஆரஞ்சு வடிகட்டி. சூரியன் பக்கம் தள்ளினால் அது உள்ளே வந்து நிற்கும். இன்று கிடைக்கும் எக்டாகுரோம் 100டி வெயிலுக்கென்றே செய்த பிலிம், அதற்கு வடிகட்டி தேவையில்லை. ஆக நல்ல வெயிலில் நின்றுகொண்டு விசையைப் பல்பு பக்கம் தள்ள வேண்டும். புத்தியுள்ளவர்கள் யாருக்கும் அப்படிச் செய்யத் தோன்றாது, அந்தப் பெண்ணுக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண் முதல் பத்து நொடி முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினார். நானும் அவரைத்தான் பார்த்தேன், திரையை இல்லை.

இன்னொருவர் வீட்டுக் குளியலறையிலேயே காபியில் கழுவியிருந்தார். நிஜம்தான். காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி மூன்றும் கலந்தால் கருப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவும் திரவம் கிடைத்துவிடும். இன்ஸ்டன்ட் காபி போதுமாம். டிகாக்‌ஷன் குடித்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தூளுக்கு இதைவிட நல்ல உபயோகம் இருக்க முடியாது. கழுவியதை அப்படியே நெகட்டிவாக ஓட்டினார். மூன்று நிமிடம் கறுப்புப் பல்லும் வெள்ளை முடியுமாக ஒரு கல்யாண ஊர்வலம்.

ஏழாவது படத்தில் பிலிம் சிக்கியது. திரையில் ஒரு நாய் ஓட்டத்தில் அப்படியே நின்றது, நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு, அது விரிந்து கொதித்து வெள்ளையானது. விளக்கின் சூட்டில் பிலிம் உருகுகிறது. ஊரில் என்றால் இந்நேரம் விசில் பறந்து, "ஆப்பரேட்டர்!" என்று கூரை அதிர்ந்திருக்கும். இங்கே நாற்பது பேரும் மூச்சை இழுத்தார்கள். ஏனென்றால் இந்த வகைச் சுருள்களில் காமிராவில் ஓடிய பிலிமே கழுவிய பின் திரையிலும் ஓடும். நகல் இல்லை. நடத்துபவர் கருகிய இரண்டு பிரேமை வெட்டி, டேப் போட்டு ஒட்டி, மறுபடி ஓட்டினார். உலகத்தில் அந்த நாய்க்கு இனி 3,598 பிரேம்தான்.

அடுத்து என்னுடையது. இந்தச் சுருளில் ஒலி கிடையாது, அதனால் தகட்டுச் சத்தத்தைப் போனில் பதிந்து, லேப்டாப்பிலிருந்து ஒரே நேரத்தில் ஓட விட்டோம். புரொஜெக்டர் ஒரே வேகத்தில் ஓடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் நிமிடம் பொருந்தியது. அதற்கப்புறம் அண்ணையின் கை மேலே போகும்போது 'டக்' என்று விழுந்தது, கல்லில் இறங்கும்போது மௌனம். வேறு எதை எடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது, கொத்தில் தெரிந்தே தீரும். போதாததற்கு, நான் கண்ணாடி போடுகிறவன். பார்க்கும் துளையை முதலில் என் கண்ணுக்குச் சரிசெய்துவிட்டுத்தான் லென்ஸைத் திருப்ப வேண்டும் என்பதை மறந்திருந்தேன். தள்ளி நின்று எடுத்ததெல்லாம் பரவாயில்லை, கிட்டத்தில் எடுத்ததெல்லாம் கலங்கல். முட்டை உடைக்கும் ஷாட்டில் முட்டையும் கையும் ஒரே பஞ்சுப் பொதி.

கடைசியில் அண்ணை கல்லைத் துடைத்தார், நிமிர்ந்து நேராக எங்களைப் பார்த்தார், உதடு அசைந்தது, திரை வெள்ளையானது. லேப்டாப்பில் கொத்து இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். அப்படித் திட்டமிட்டு முடித்தேன் என்று நினைத்திருப்பார்கள். நான் மறுக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு. திரையில் வித்தியாசம் உண்டுதான். பிலிமில் படத்தை உண்டாக்கும் துகள்கள் பிரேமுக்குப் பிரேம் வேறு வேறு இடத்தில் கிடப்பதால், அசையாத சுவரைக் காட்டினாலும் சுவர் லேசாகப் புழு நெளிவது மாதிரி அசையும். நொடிக்கு 18 பிரேம் ஓடினாலும் ஷட்டர் ஒவ்வொன்றையும் மூன்று முறை மறைத்துத் திறப்பதால் கண்ணில் 54 முறை வெளிச்சம் அடிக்கும், இடையிடையே நிஜ இருட்டு. இதெல்லாம் அழகு. ஆனால் "பிலிமில் உயிர் இருக்கிறது" என்று உருகுபவர்களோடு எனக்கு ஒத்துவராது. பன்னிரண்டில் தேறியது நாலு, மற்றவை எதில் எடுத்திருந்தாலும் தேறாதவை. எனக்கு வித்தியாசமாகப் பட்டது, எடுத்தவருக்கும் பார்ப்பவருக்கும் அடுத்த நொடி என்ன வரும் என்று ஒரே அளவுக்குத் தெரியாமல் இருந்தது. வேறெந்தத் திரையிடலிலும் நான் இப்படிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. அதனால் டிக்கெட் எடுக்கும் முன் ஒன்று விசாரியுங்கள்: பிலிமை ஓட்டுகிறார்களா, ஸ்கேன் செய்த கோப்பை ஓட்டுகிறார்களா? கோப்பு என்றால் பாதி சுவாரசியம் போச்சு.

எடுக்க ஆசை வந்தால் இரண்டு எச்சரிக்கை. புரொஜெக்டரில் ஓட்ட ரிவர்சல் வகைச் சுருள் வேண்டும் (கழுவினால் நெகட்டிவாக இல்லாமல் நேரான படமாகவே வரும்), டிரை-எக்ஸ் அல்லது எக்டாகுரோம். விஷன்3 என்று விற்பது நெகட்டிவ், ஸ்கேன் செய்பவர்களுக்கு. அப்புறம், இணையத்தில் பழைய கோடாகுரோம் மலிவாக வந்தால் கை வைக்காதீர்கள். அதை வண்ணத்தில் கழுவிக்கொண்டிருந்த கடைசிக் கூடமும் 2010 முடிவோடு சுருள் வாங்குவதை நிறுத்திவிட்டது.

அண்ணை இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் "தம்பி, அதை வாட்ஸ்அப்பில போட்டு விடுமன்" என்கிறார். கோப்பே கிடையாது, ஒரே ஒரு சுருள்தான் என்றால், ரீல் விடுகிறான் என்கிற மாதிரி ஒரு பார்வை. புரொஜெக்டரை ஒரு திங்கட்கிழமைக்கு இரவல் கேட்டிருக்கிறேன், அன்று கடை லீவு. மாவு மூட்டை அடுக்கியிருக்கும் சுவர் வெள்ளையாகத்தான் இருக்கிறது.