கம்பனின் இராவணன் தெரிந்தே ஏன் அழிகிறான்?

திருகோணமலைக்கு வந்து கோணேசர் கோயிலருகே ‘இராவணன் வெட்டு’ என்னும் பாறைப் பிளவைப் பார்த்தபின், இவ்வளவு கற்றவன் தெரிந்தே ஏன் அழிகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிளவின் விளிம்பில், அடியில் அலை மோதும் ஓசையைக் கேட்டபடி நானும் இதே கேள்வியோடு நின்றிருக்கிறேன்.

உளவியல் அறிஞர் பிராய்டு 1923இல் மனத்தை மூன்றாகப் பிரித்தார்: ஆசை மட்டுமே அறிந்த இட், உலகத்தோடு ஒத்துப்போக முயலும் ஈகோ, கண்டிக்கும் சூப்பர் ஈகோ. ‘பேசுவது மானம், இடை பேணுவது காமம்’ (வாயால் பேசுவது மானம், நடுவே பேணி வளர்ப்பது காமம்) என்று கும்பகருணன் அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்வது இந்த மோதலைத்தான். சூப்பர் ஈகோவின் குரலாக நீதி சொன்ன விபீடணனையோ இராவணன் விரட்டியே விடுகிறான்.

விரட்டிய குரல் வேறு வழியாகத் திரும்பி வருகிறது. முதல் நாள் போரில் தோற்றுத் திரும்பும் இராவணன், வானும் மண்ணும் பகைவரும் சிரிப்பார்களே என்று நாணவில்லை; சானகி சிரிப்பாளே என்றுதான் நாணிக் குன்றுகிறான். கம்பனில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இது. ஆசைப்பட்டவளையே தன் நீதிபதியாக்கிவிட்டான்! இனி அவளை விடுவிப்பது அவள் முன்னே தோல்வியை ஒப்புக்கொள்வதாகும். விடுவிக்காவிட்டால் அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே போர் தொடர வேண்டும்.