நீலக் கடலில் உரம் இல்லாமல் வாழ்வது எப்படி? – கேள்வி பதில்

காசிமேடு, விசைப்படகில் போகும் தம்பி: அக்கா, கரையோரம் தண்ணீர் பச்சையாகக் கலங்கிக் கிடக்கிறது, போகப் போக நல்ல நீலம். அங்கே பாசி கீசி ஒன்றும் கிடையாதா?

இருக்கிறது தம்பி, கண்ணுக்குத்தான் தெரியாது. புரோகுளோரோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா. குறுக்களவு சுமார் 0.6 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வெயிலில் தன் உணவைத் தானே தயாரிக்கும் உயிர்களில் நமக்குத் தெரிந்து இதைவிடச் சிறியது இல்லை. கடல் ஆய்வாளர்கள் சாலி சிஷோம், ராபர்ட் ஓல்சன் குழுவினர் 1988இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். நம் வங்கக் கடலில் ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் மேலே அடுக்காக மிதக்கிறது. அதனால் கீழே இருக்கும் நைட்ரேட், பாஸ்பேட் என்ற உரச்சத்துகள் மேலே வருவது கஷ்டம். அப்படிப்பட்ட தண்ணீரில் சின்ன உடம்புதான் லாபம்: உடம்பின் அளவோடு பார்த்தால் உறிஞ்சும் பரப்பு அதிகம்.

திருவொற்றியூர், பி.எஸ்சி. மாணவி: சரி, ஆனால் சத்து இல்லாமல் எப்படிப் பெருகும்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. அது தேவையையே குறைத்துக்கொள்கிறது. செல்லின் சவ்வைப் பார். மற்ற உயிர்கள் அங்கே பாஸ்பரஸ் கலந்த கொழுப்பைப் போடும். இது பெரும்பாலும் கந்தகம் கலந்த கொழுப்பைப் போடுகிறது. கடல்நீரில் கந்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. இரும்பு குறைந்தால், இரும்புள்ள ஃபெரிடாக்சின் புரதத்தின் வேலையை இரும்பே இல்லாத ஃபிளேவோடாக்சினிடம் கொடுத்துவிடுகிறது.

மரபணுவிலும் அதே சிக்கனம். மெட்-4 என்ற ரகத்தில் சுமார் 1,700 மரபணுக்கள்தான். நைட்ரேட்டைப் பயன்படுத்தும் மரபணுக்கள் அதில் இல்லை, அதற்குப் பதில் அம்மோனியத்தை எடுத்துக்கொள்கிறது. வேறு சில ரகங்களில் அவை உண்டு. இடத்துக்கு இடம் இது மாறும். பாஸ்பேட் மிகக் குறைவான வட அட்லாண்டிக்கில் வாழ்பவற்றிடம், பாஸ்பேட்டைப் பிடிக்கும் மரபணுக்கள் பசிபிக்கில் இருப்பவற்றைவிட அதிகம்.

எண்ணூர் வாசகர்: எங்கள் முகத்துவாரத்தில் இது கிடைக்குமா?

அங்கே இதன் உறவான சைனெகோகாக்கஸைத் தேடுங்கள். சத்து நிறைந்த கரையோர நீர் அதற்குத்தான் தோது. புரோகுளோரோகாக்கஸுக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் ஆகாது.

அதே மாணவி: கல்லூரி ஆய்வகத்தில் தனியாக வளர்க்கலாமா அக்கா?

தனியாக என்றால் பெரும்பாடு. செல்லுக்கு நஞ்சான ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியையும் இது கைவிட்டுவிட்டது. கடலில் அந்த வேலையை அக்கம்பக்கத்து பாக்டீரியாக்கள் செய்துவிடுகின்றன. அதனால் ஆல்டெரோமோனாஸ் போன்ற ஒரு பாக்டீரியாவைக் கூடவே விட்டு வளர்த்துப் பார்.