மணல்மேட்டில் இராவணன் மீசை, மலையில் உண்ணிச்செடி: கேள்வி பதில்

ஹட்டன் வாசகர்: சேர், பிள்ளைகளை தெற்குக் கரையோர புந்தல தேசியப் பூங்கா பார்க்கக் கூட்டிட்டுப் போறோம். மணல்மேட்டுல என்ன காட்டுறது?

பதில்: முதல்ல இராவணன் மீசைப் புல்லைக் காட்டுங்க. இராவணன் சீதையைச் சிறை வச்சதாச் சொல்ற சீதா எலியாவுக்குப் பக்கத்துல வளர்ற பிள்ளைகள் அந்தப் பெயரை மறக்காது. அதோட முள்ளுப் பந்து காத்துல உருண்டு ஓடும், விரட்டிப் பிடிக்கச் சொல்லுங்க. இந்தப் புல்லும் கடற்கரையில படர்ற அடப்பங்கொடியும்தான் மணலைப் பிடிச்சு வச்சிருக்குது. மணல் மூடினாலும் கணுவுல வேர்விட்டு மேல வரும். ஆனா ரெண்டுக்கும் நல்ல வெயில் வேணும். 1950களில் உவர்நிலத்துக்குன்னு அம்பாந்தோட்டைப் பக்கம் கொண்டுவந்த சீமைக்கருவேல் பற்றையா அடைச்சா வெயில் போயிடும். மாடு காயைத் தின்னும், விதை சாணியோட விழும், அங்கேயே உரமும் கிடைக்கும்! சப்பாத்திக்கள்ளி இன்னும் மோசம். வெட்டிப் போட்ட மடலே வேர் விட்டுடும்.

நானுஓயா: ஹோட்டன் சமவெளியில மஞ்சள் பூ முள்ளுப் பற்றை பார்த்தேன். வேலிக்கு ஒரு கொப்பு எடுக்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. தேசியப் பூங்காவுல ஒண்ணையும் எடுக்கக் கூடாது. அது வெள்ளைக்காரன் காலத்துல வந்த கோர்ஸ். காய் வெடிச்சு விதை தெறிக்கும், மண்ணுக்குள்ள பல பத்து வருசம் உயிரோட கிடக்கும்.

கொட்டகலை: 'வந்தேறிச் செடி'ன்னு எழுதுறீங்களே, மலையகத் தமிழர் நம்மளையும் அப்படித்தானே சொன்னாங்க?

பதில்: குத்துது அக்கா, இனி எழுதல. சொல்லும் பிழைதான். தேயிலையும் கரட்டும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வந்ததுதான், வச்ச இடத்துல நிக்குது. 'ஆக்கிரமிப்புத் தாவரம்'னு சொல்வோம். வந்தது குத்தமில்ல, மத்ததை வாழ விடாததுதான் குத்தம்.

பதுளை: மாடு உண்ணிச்செடி தின்னுடுச்சு. பயமா?

பதில்: பயம்தான். ஈரல் கெடும், பிறகு வெயில் பட்டா தோல் வெந்து உரியும். கறுப்பு வெள்ளை பிரீசியன் மாட்டுக்கு வெள்ளைத் திட்டுலதான் முதல்ல தெரியும். உடனே நிழல்ல கட்டுங்க, மிருக வைத்தியரைக் கூப்பிடுங்க, நாளைக்குன்னு விடாதீங்க. புல்லு குறைஞ்ச நேரத்துலதான் மாடு அதுல வாய் வைக்கும். 1826ல பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காக வந்த செடி அது. பறவை பழத்தைத் தின்னு மலையெல்லாம் விதைச்சிடுச்சு. வெட்டினா தளிர்க்கும், வேரோட தோண்டுங்க.

பண்டாரவளை: தேயிலைக்குப் போடுற காட்டு சூரியகாந்தி நல்லதா?

பதில்: நல்ல தழையுரம். பூக்க முந்தி வெட்டிப் போடுங்க, ஓடைக்கரையில மட்டும் நடாதீங்க.