டிரெய்லரில் இருந்தது, கேமில் இல்லை: கேள்வி பதில்

வீடியோ கேம் ஸ்டுடியோக்களில் 11 வருடம் கேம்பிளே புரோகிராமராக, அதாவது ஆட்டத்துக்குள் எது எப்படி நடக்க வேண்டும் என்று நிரல் எழுதுபவனாக இருந்தவன் என்பதால் என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். கேளுங்கள். வழக்குப் போடலாமா என்பதை மட்டும் வக்கீலிடம் கேளுங்கள்.

இரவுப்பறவை: டிரெய்லரில் காட்டியது கேமில் இல்லை என்றால் அது பச்சைப் பொய்தானே?

பெரும்பாலும் காட்டியது நிஜமாகவே ஓடியிருக்கும், ஆனால் ஒரே ஒரு தெருவில். நான் இருந்த ஒரு ஸ்டுடியோவில் மழைக் காட்சி செய்தோம். தூறல் விழுந்ததும் தெருவில் போகிறவர்கள் குடை விரிப்பார்கள், சிலர் வாசல்களில் ஒதுங்குவார்கள். கண்காட்சியில் கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போனது. தெருவில் மொத்தம் 22 பேர். யார் எந்த வாசலுக்கு ஓட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் நான் கையால் குறித்து வைத்தது. மழையும் தானாகப் பெய்யவில்லை. விளையாடுபவர் இரண்டாவது விளக்குக் கம்பத்தைத் தாண்டினால் பெய்யும்.

அதையே நகரம் முழுக்கக் கொண்டுபோனபோது கூட்டம் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றது, ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, அதான் பிரேம் ரேட், பாதியாக விழுந்தது. மூன்று மாதம் மல்லுக்கட்டிவிட்டுத் தூக்கினோம். டிரெய்லரை யாரும் தூக்கவில்லை. வெட்டியது தப்பில்லை, வெட்டியதை வாங்குபவரிடம் சொல்லாததுதான் தப்பு. சைபர்பங்க் 2077-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2018 டெமோவில் சுவரில் ஓடுவதைக் காட்டினார்கள், பிறகு நீக்கினார்கள், நீக்கியதை வெளியீட்டுக்கு முன்பே சொன்னார்கள். அது நேர்மை. டிவியில் மாட்டி ஆடும் பழைய கன்சோல்களில் எந்த லட்சணத்தில் ஓடுகிறது என்பதை மட்டும் மறைத்தார்கள். 2020 டிசம்பரில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது; அடுத்த ஜூனில்தான் திரும்ப வைத்தது.

செல்லாக்காசு: முன்பதிவு செய்யலாமா?

வேண்டாம்.

பிக்சல்பித்தன்: பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் "பிறகு வரும்" என்பார்கள், வராது. அப்படி என்னதான் கஷ்டம்?

நல்ல கேள்வி. பாஸ் பட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஆடும்போது அழுத்தினால் உலகம் நிற்கும். இரண்டு பேர் ஆடும்போது நீங்கள் அழுத்தினால் அவருக்கும் நிற்க வேண்டுமா? அடுத்து ஒரு கதவு. தனி ஆட்டத்தில் அது திறந்திருக்கிறதா என்ற தகவல் ஒரே இடத்தில் இருக்கும். இருவர் என்றால் இரண்டு மெஷினில் இரண்டு கதவு, நடுவே 100 மில்லிசெகண்ட் தாமதம். நீங்கள் திறக்கிற அதே நொடியில் அவர் பூட்டுகிறார். யார் சொல் செல்லும்? இந்தப் பஞ்சாயத்தைக் கதவுக்கு, தோட்டாவுக்கு, பெட்டிக்குள் கிடக்கும் சாவிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தீர்க்க வேண்டும். முதல் நாளே இதை மனதில் வைத்து எழுதவில்லை என்றால் பிறகு சேர்ப்பது கட்டி முடித்த வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிற வேலை.

கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2 இதற்கு உச்சம். அந்த கேமில் ராக்கெட் வேறு கோளுக்குப் போக வருடக்கணக்காகும். அதனால் ஆடுபவர் காலத்தை வேகமாக ஓட்டிக்கொள்வார். இரண்டு பேர் ஆடினால் யாருடைய காலம் ஓடும்? 2023 பிப்ரவரியில் ஏர்லி ஆக்சஸில், அதாவது வேலை முடியும் முன்பே விற்பனைக்கு வந்தபோது மல்டிபிளேயர், காலனிகள், வேறு நட்சத்திர மண்டலங்கள் எல்லாம் வரவிருக்கும் பட்டியலில் இருந்தன. 2024-இல் ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். பட்டியலுக்கு அல்ல, இன்று கையில் கிடைப்பதற்குக் காசு கொடுங்கள்.

சோபாவீரன்: ஹேலோ இன்ஃபினிட்டில் ஒரே டிவியில் இரண்டு பேர் கதை ஆட முடியாதா?

முடியாது. 2022 செப்டம்பரில் கைவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். ஒரே மெஷின் ஒரு பெரிய திறந்தவெளியை இரண்டு முறை வரைய வேண்டும்.

தங்கவாள்: முன்பதிவு செய்தால் ஸ்பெஷல் வாள் தருகிறார்களே?

செல்லாக்காசுக்குச் சொன்னதேதான்.

கோள்மேய்ப்பன்: நோ மேன்ஸ் ஸ்கையை விட்டுவிட்டீர்களே. சொன்னதை எல்லாம் பிறகு கொடுத்தார்கள், அதுவும் இலவசமாக. மன்னிக்கலாமே?

மன்னித்துவிட்டேன், இன்னும் ஆடுகிறேன். ஆனால் கதையைப் பாதியிலிருந்து சொல்லாதீர்கள். 2016 ஆகஸ்டில் வந்த சூட்டோடு இரண்டு பேர் ஒரே கோளில் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். சந்திக்க முடியும் என்று பேட்டிகளில் சொல்லியிருந்தும், ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. முழு மல்டிபிளேயர் வந்தது 2018 ஜூலையில்.

கோள்மேய்ப்பன்: பிரிட்டனில் விளம்பரத் தர நிர்ணய அமைப்பே விசாரித்து, தப்பில்லை என்று சொல்லிவிட்டதே?

கேம் விற்கும் இணையதளமான ஸ்டீமில், அந்த கேமின் பக்கத்தில் இருந்த படங்களையும் வீடியோவையும் விசாரித்துத்தான் அப்படிச் சொன்னது. பேட்டிகளில் பேசியது அந்தக் கணக்கில் வராது.

பழையபாவி: நடுவில் புகுகிறேன். "இப்போது விற்போம், பிறகு சரிசெய்வோம்" என்று மற்றவர்கள் கற்றுக்கொண்டதே அந்தக் கேமைப் பார்த்துத்தான்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் ஒவ்வொரு உடைந்த கேமுக்கும் "பொறுங்கள், இதுவும் அப்படி எழுந்துவிடும்" என்று சொல்ல ஒரு ஆள் கிளம்புவது அதற்குப் பிறகுதான். ஆந்தம் 2019-இல் வந்தது. அதைத் திருத்தும் வேலையை 2021-இல் கைவிட்டார்கள். தி டே பிஃபோர் 2023 டிசம்பர் 7 அன்று வந்தது. நான்கே நாளில் ஸ்டுடியோ மூடுவிழா அறிவித்தது. எழுந்து நின்றவர்களின் பெயர்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

கோள்மேய்ப்பன்: நோ மேன்ஸ் ஸ்கை சின்ன டீம் சார். பெரிய கம்பெனிகளோடு ஒப்பிடலாமா?

சின்ன டீம் என்பதால்தான் எழுந்தது. முதல் மாத விற்பனைப் பணமே கொஞ்சம் பேருக்கு வருடக்கணக்கில் சம்பளம் போடும். முந்நூறு பேர் இருக்கும் இடத்தில் அதே பணம் கரைந்துவிடும், பிறகு மேலிடம் ஆளை வேறு கேமுக்கு மாற்றும். விஷயம் குணத்தில் இல்லை, சம்பளப் பட்டியலில் இருக்கிறது. போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வெற்றுப்பர்ஸ்: ஸ்டீமில் காசு திரும்பக் கிடைக்குமா?

வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கிடைக்கும். ஏர்லி ஆக்சஸில் ஆடிய நேரமும் அந்த 2 மணியில் சேரும்.

விண்மீன்: ஸ்டார் சிட்டிசன்?

2012-இல் ஆடுபவர்களிடமே நிதி திரட்டினார்கள், 2014-இல் தருவதாகச் சொன்னார்கள். 2024 முடிந்தபோதும் ஆல்பாதான், அதாவது முடியாத சோதனைப் பதிப்பு.

சிறகு: நிதி திரட்டும்போது சொன்ன அம்சம் நன்றாக முடிந்த கதை ஒன்றுகூடவா இல்லை?

உண்டு. ஹாலோ நைட்டுக்கு 2014-இல் மக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் பணம் கேட்டபோது, கூடுதல் இலக்கைத் தொட்டால் இன்னொரு கதாபாத்திரமாகவும் ஆடலாம் என்றார்கள். அந்தக் கதாபாத்திரமான ஹார்னெட் வளர்ந்து வளர்ந்து சில்க்சாங் என்ற தனி கேமாக 2025 செப்டம்பரில் வந்தாள். காத்திருந்தவர்கள் பாவம்.

கார்டுகாரன்: என் கிராபிக்ஸ் கார்டில் ஃபேன் சத்தம் போடுகிறது.

நான் ஃபேன் ரிப்பேர்காரன் இல்லை.

புதுவரவு: அடுத்த மாதம் வருகிற ஒன்றை முன்பதிவு செய்ய...

ஐயா, வேண்டாம்.

இரவுப்பறவை: அந்த மழைக் காட்சி எந்த கேம்?

சொல்ல மாட்டேன். டிரெய்லர் இன்னும் யூடியூபில் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் விரித்த குடையோடு சுவருக்குள் பாதி புகுந்து நிற்பார். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை.