கிரானிக்கிளா, ஹிஸ்டரியா? ஊர் வரலாறு எழுதுவோரின் கேள்விகள்

ஊர் வரலாறு எழுதக் கிளம்பியவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். பெயர்களை விட்டுவிட்டேன். ஊர் தெரிந்தால் போதும்.

காட்பாடி, கல்லூரி மாணவி: வேலூர்க் கோட்டை பற்றிய புராஜெக்டுக்கு 'கிரானிக்கிள்' என்று தலைப்பு வைத்தேன். வழிகாட்டி 'ஹிஸ்டரி' என்று மாற்றச் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானே சார்?

ஒன்றில்லை அம்மா, உங்கள் வழிகாட்டி பக்கம் நியாயம் இருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையில், நாளோ ஆண்டோ போட்டு எழுதிக்கொண்டே போனால் அது கிரானிக்கிள். ஏன் நடந்தது, யார் காரணம், பின்னால் என்ன ஆனது என்று தோண்டினால் அது ஹிஸ்டரி. முதல் சொல்லின் வேர், கிரேக்கத்தில் காலம். இரண்டாவதன் வேர், விசாரித்து அறிதல்.

நம்மிடம் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. தமிழ் பைபிளில் 'நாளாகமம்' என்று இரண்டு புத்தகங்கள் இருக்கின்றனவே, ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பெயர் இதே சொல்தான். எந்த ராஜா எத்தனை வயதில் பட்டத்துக்கு வந்தான், எத்தனை வருஷம் ஆண்டான் என்று அடுக்கிக்கொண்டே போகும். ஸ்ரீரங்கம் கோயிலின் பழைய பதிவேடான கோயிலொழுகும் இந்த வகைதான். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக புர்ஹான் இப்னு ஹசன் பாரசீகத்தில் எழுதிய 'துசுக்-இ-வாலாஜாஹி' அரசவை கிரானிக்கிள். சென்னைப் பல்கலைக்கழகம் 1934-இலிருந்து அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. சம்பளம் கொடுத்தவரைப் பற்றி எழுதியதாயிற்றே, புகழ்ச்சியைக் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியது நாட்குறிப்பு. எழுதியவர் தன் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதுவதால் அது சற்று வேறு சாதி.

உங்கள் புராஜெக்டில் சின்ன பொம்மு நாயக்கர் காலத்திலிருந்து தேதிவாரியாகப் பட்டியல் மட்டும் இருந்தால் தலைப்பு அப்படியே இருக்கட்டும். அகழி ஏன் அந்த அகலம், கோட்டை ஏன் கைமாறியது என்றெல்லாம் எழுதியிருந்தால் வழிகாட்டி சொன்னபடி மாற்றிவிடுங்கள்.

வேலூர் சத்துவாச்சாரி, அலுவலக ஊழியர்: 'பிளீஸ் கிரானிக்கிள் தி மீட்டிங்' என்று மேலாளர் மெயில் அனுப்புகிறார். சரியா?

இலக்கணம் சரி, இடம் தப்பு. வினையாகவும் வரும் சொல்தான். ஆனால் ஒரு போராட்டத்தையோ ஒரு குடும்பத்தின் பல ஆண்டுகளையோ வரிசையாகப் பதிவுசெய்வதற்குத்தான் பொருந்தும். ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு 'மினிட்ஸ்' போதும். உங்கள் மேலாளர் கூட்டங்கள் நீளமானவை என்றால் சொல்லுங்கள், மறுபரிசீலனை செய்கிறேன்.

ஆம்பூர், தோல் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்: எங்கள் பாட்டனார் நோட்டில் 'சோபகிருது ஐப்பசி, பாலாற்றில் பெருவெள்ளம்' என்று எழுதியிருக்கிறார். நிலப் பத்திரத்தில் 'பசலி 1318' என்று இருக்கிறது. இரண்டையும் ஆங்கில வருஷமாக்குவது எப்படி? அப்படியே ஆம்பூர்ப் போரின் தேதியை ஒரு புத்தகம் ஜூலை என்றும் இன்னொன்று ஆகஸ்ட் என்றும் போடுகிறதே, எது சரி?

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், மூன்றும் உருப்படியானவை. எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். பசலி என்பது நிலவரிக் கணக்கு வருஷம். அதோடு 590 கூட்டுங்கள். 1318-க்கு 1908 வரும். பசலி ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடிகிறது. அதனால் பத்திரத்தில் மாதம் இருந்தால் பாருங்கள். மாசியில் எழுதிய பத்திரம் என்றால் 1909 ஆகிவிடும்.

தமிழ் வருஷப் பெயர்தான் ஆளைக் கவிழ்க்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால் சோபகிருது 1843-ஆகவும் இருக்கலாம், 1903-ஆகவும் இருக்கலாம், 1963-ஆகவும் இருக்கலாம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுகட்டக் கூடாது, பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும். உங்கள் பாட்டனார் அதையும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாலாறு வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன பெருவெள்ளம் 1903 நவம்பர் 12. நவம்பர் 12 ஐப்பசிக் கடைசியில் விழும். ஆக, 1903.

கல்வெட்டிலும் இதே கதைதான். விரிஞ்சிபுரம் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடிகர் தமிழர் தெலுங்கர் இலாளர் (குஜராத் பக்கத்தவர்) எல்லோரும் கூடி, இனிமேல் பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் கொடுப்போம், பொன் வாங்கிக் கொடுத்தாலும் பொன் கொடுத்துக் கல்யாணம் செய்தாலும் ராஜ தண்டனை, சமூகத்துக்கும் புறம்பு என்று எழுதிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை. சகம் 1347, விசுவாவசு வருஷம், பங்குனி என்று தேதி போட்டிருக்கிறார்கள். சகம் என்பது கல்வெட்டுகளில் வரும் சக ஆண்டுக் கணக்கு. அதோடு 78 கூட்டினால் 1425. பல ஊர் மலர்களில் அப்படியே அச்சாகியும் இருக்கிறது. ஆனால் பங்குனி வருஷக் கடைசி மாதமல்லவா? அதற்குள் ஆங்கில வருஷம் மாறி 1426 வந்துவிடும். சகம் எண்ணைக் கூட்டும்போது மாதத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் போர். நவாப் அன்வருதீன் கான் ஆம்பூரில் கொல்லப்பட்டது 1749-இல். ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், அதன்படி ஜூலை 23. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு முன்பே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள், அதன்படி ஆகஸ்ட் 3. இடையில் பதினொரு நாள் வித்தியாசம். இங்கிலாந்து 1752-இல்தான் மாறியது. இரண்டு புத்தகமும் ஒரே நாளைத்தான் சொல்கின்றன. நீங்கள் எழுதும்போது ஆகஸ்ட் 3 என்று போட்டு, பழைய கணக்கில் ஜூலை 23 என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வேலூர், பள்ளி ஆசிரியர்: 1806-ஐக் 'கலகம்' என்று எழுதுவதா, 'புரட்சி' என்று எழுதுவதா?

நடந்ததைத் தேதிவாரியாக எழுதும் பக்கத்தில் இரண்டும் வேண்டாம் என்பேன். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் ஐரோப்பியப் படைவீரர்களைத் தாக்கினார்கள். கோட்டைத் தலைவர் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். திப்புவின் கொடி ஏற்றப்பட்டது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று காலையே கோட்டையை மீட்டார். இதை எழுதப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள்.

பெயர் வைப்பது அடுத்த கட்டம். அங்கே காரணம் வந்துவிடும். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது என்ற உத்தரவு, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள், இவற்றில் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். எனக்கு 'புரட்சி' என்று எழுதுவதில் தயக்கமில்லை, ஆனால் அது என் தீர்ப்பு என்று வாசகருக்குத் தெரியும்படி எழுதுவேன்.

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். ஃபேன்கோர்ட்டின் மனைவி, குழந்தைகளோடு ஒளிந்திருந்த அந்த இரவைத் தானே எழுதிவைத்தார். சிப்பாய்கள் தரப்பில் அப்படி ஒருவர் உட்கார்ந்து எழுதிய பக்கம் நமக்குக் கிடைக்கவில்லை. விசாரணையில் அவர்கள் சொன்னதாக வெள்ளைக்காரர்கள் எழுதிக்கொண்ட வாக்குமூலம்தான் இருக்கிறது. தோற்றவன், எதிரே துப்பாக்கி, நடுவில் மொழிபெயர்ப்பாளர் என்ற நிலையில் சொன்னது அது. அப்படி நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

திருப்பத்தூர், வாசகர்: வட ஆற்காடு மேனுவல் என்ற பழைய ஜில்லா விவரப் புத்தகத்தைப் புரட்டினால் எங்கள் ஊரைப் பற்றி ஒன்றுமே இல்லை. எங்களை ஒதுக்கிவிட்டார்களா?

ஒதுக்கவில்லை ஐயா, நீங்கள் அப்போது சேலம் ஜில்லா. ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மேனுவல் 1881-இல் வந்தது, பிறகு ஸ்டூவர்ட் திருத்தினார். அதில் திருப்பதி இருக்கும், சித்தூர் இருக்கும். சித்தூர்தான் அன்று தலைநகரமே. 1911-இல் சித்தூர் ஜில்லா பிரிந்தபோதுதான் வேலூர் தலைநகரமாயிற்று, திருப்பத்தூர் தாலுகாவும் இந்தப் பக்கம் வந்தது. உங்களுக்கு வேண்டியது லெ ஃபானு எழுதிய சேலம் மேனுவல், 1883. மேலே சொன்ன 1903 வெள்ளத்துக்கும் இதே சங்கதிதான். வாணியம்பாடி அன்று சேலத்தோடு இருந்ததால் அந்தக் கோப்புகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சேலம் கணக்கில் தேட வேண்டும். ஆம்பூருக்கு வட ஆற்காடு.

மேனுவல், கெஜட்டியர் எதுவும் கிரானிக்கிள் இல்லை. நிலம், மழை, சாதி, வரி, கோயில் எல்லாம் தலைப்புவாரியாகப் போட்ட விவரத் தொகுப்பு. கெஜட் என்பது அரசிதழ், அது வேறு.

ராணிப்பேட்டை, இல்லத்தரசி: தேசிங்கு ராஜாவின் ராணி உடன்கட்டை ஏறியதால்தான் எங்கள் ஊருக்கு இந்தப் பெயர் என்கிறார்களே, ஊர் மலரில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம் அம்மா, 'என்று சொல்லப்படுகிறது' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து. தேசிங்கு 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டது வரலாறு. அந்த நவாபே ராணியின் நினைவாக ஊரை உண்டாக்கினார் என்பது வழிவழியாக வந்த செய்தி. கதைப்பாடல் கேட்டு வளர்ந்தவர்களிடம் அதைச் சொல்லக் கேட்டு, சொன்னவர் வயது, எந்தத் தெரு, என்றைக்குக் கேட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவனுக்கு அந்தக் கதையைவிட இந்தக் குறிப்பு அதிகம் பயன்படும்.

பேரணாம்பட்டு, விவசாயி: நிலத்து வரப்பில் வில் பிடித்த ஆள் செதுக்கிய கல் ஒன்று கிடக்கிறது. மேலே எழுத்தும் இருக்கிறது. என்ன செய்ய?

நடுகல்லாக இருக்கும். இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு, மாட்டு மந்தையை மீட்கப் போய் விழுந்த வீரனுக்கு நட்டவை பல. எழுத்தில் 'தொறு' என்று வந்தால் மந்தை என்று பொருள். எண்ணெய், மஞ்சள், பெயின்ட் எதுவும் பூசவிடாதீர்கள். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸால் கோடு இழுக்கவும் வேண்டாம், நீங்கள் இழுத்த கோட்டைத்தான் அடுத்தவர் படிப்பார். காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது நாலு பக்கமும் படம் எடுங்கள். கல் இருக்கும் இடத்தின் சர்வே எண்ணைக் குறித்து, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை டிராக்டரை அந்த வரப்புப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.