நாட்டுச்சர்க்கரை, தெளுவு, வாடிய சோளம்: நாலு கேள்விகள்

எதைப் பற்றிக் கேட்டாலும் இந்த முறை எல்லாம் செல்லுக்குள் சர்க்கரை என்ன ஆகிறது என்பதில்தான் வந்து நின்றது.

கே: வெள்ளைச் சர்க்கரையைவிட கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை கூடுதல் தெம்பு தருமாங்க?

இல்லைங்க. இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், குடலில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிரிந்துவிடும். எந்தக் கொப்பரையில் காய்ச்சியது என்று செல் பார்ப்பதில்லை. ருசிக்கு என் ஓட்டு நாட்டுச்சர்க்கரைக்கு.

கே: சென்னிமலைப் படிகளை வேகமாக ஏறினால் பாதியில் தொடை எரிகிறதே, ஆக்சிஜன் பத்தாமலா?

ஏறக்குறைய அதுதான். செல் குளுக்கோஸை உடைப்பதில் முதல் கட்டம் ஆக்சிஜன் இல்லாமலே நடக்கும், ஒரு குளுக்கோஸுக்குக் கையில் நிற்பது 2 ஏடிபி (செல் செலவழிக்கிற ஆற்றல் காசு). மிச்சத்தைச் செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியா வாங்கி, ஆக்சிஜன் துணையோடு மொத்தக் கணக்கை 30, 32 வரை கொண்டுபோகும். ஓட்டமாக ஏறும்போது அந்த வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது, அதனால் தசை முதல் கட்டத்தையே விரட்டி ஓட்ட, அதில் மிஞ்சுகிற லாக்டேட் என்ற பொருள் சேரும், கூடவே அமிலத்தன்மையும். மறுநாள் கால் பிடித்துக்கொள்வதற்கு மட்டும் லாக்டேட்டைத் திட்டாதீர்கள், அது ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். அந்த வலி, பெரும்பாலும் படி இறங்கும்போது தசைநாரில் விழுந்த நுண்கிழிசல்.

கே: சுண்ணாம்பு தடவாத முட்டியில் தெளுவு (பதநீர்) ஏன் கள்ளாகிறது?

ஈஸ்ட் வேலை. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைத்து அதற்கும் கிடைப்பது அதே 2 ஏடிபிதான், மிச்சத்தை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் வெளியே தள்ளிவிடும், நுரை அதனால்தான். சுண்ணாம்பின் காரம் ஈஸ்டைத் தலையெடுக்க விடாது.

கே: மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் புகுந்த எருமை கொஞ்ச நேரத்தில் விழுந்து செத்துவிட்டது. யாராவது விஷம் வைத்திருப்பார்களா?

பக்கத்துத் தோட்டத்துக்காரரைச் சந்தேகப்படுவதற்கு முன் சோளத்தைப் பாருங்கள். இளஞ்சோளத்தில், அதிலும் வாடியதிலும் மறுதாம்புத் (அறுத்த கட்டையில் வரும்) துளிரிலும், துரின் என்றொரு பொருள் அதிகம். மென்றதும் அதிலிருந்து சயனைடு கிளம்பும். மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை அது பிடித்துக்கொள்ள, ரத்தம் நிறைய ஆக்சிஜன் இருந்தும் செல்லால் எடுக்க முடியாது. சின்ன வயதில் எங்கள் கன்று இப்படி விழுந்தபோது மூச்சு வாங்கித் தவிக்கிற மாட்டின் ஈறு வெளுக்காமல் செக்கச்செவேலென்று இருந்ததைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. உடனே கால்நடை மருத்துவர் வந்து சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. மீதித் தட்டைப் பூக்கும்வரை விடுங்கள், அப்புறம் அறுத்து நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.