சந்தை திறந்ததும் திணறும் கம்ப்யூட்டர்

கேள்வி: காலை 9.15-க்குப் பங்குச் சந்தை திறந்ததும் என் பழைய கம்ப்யூட்டரில் பங்கு விலை சார்ட் அப்படியே நின்றுவிடுகிறது. 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்டால், கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள் சார். சார்ட் பார்க்க விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. நாளைக் காலை சார்ட் நிற்கும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி நிரம்பி, டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? ராமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்கில் வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறது, அதுதான் தாமதம். 16 ஜிபி ராமும் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டியும் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் மதர்போர்டு ஏற்கும் ராம் வகை டிடிஆர்3-யா, டிடிஆர்4-ஆ என்று பார்த்துவிட்டு ராம் வாங்குங்கள். ஒன்றில் மற்றது பொருந்தாது.

பழைய டிரேடிங் மென்பொருள்கள் பலவும் முக்கிய வேலையைப் பிராசஸரின் ஒரே கோரில்தான் (கணக்கிடும் பகுதி) செய்யும். 4 கோர் பிராசஸரில், டாஸ்க் மேனேஜர் சிபியு (பிராசஸர்) பயன்பாடு 25 சதவீதம் என்று காட்டினாலும், அந்த ஒரு கோர் முழுக்கத் திணறிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் மட்டும் பிராசஸரை மாற்ற யோசியுங்கள். கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகம்தான் இதில் முக்கியம்.

அப்புறம், வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போடுங்கள். யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரோடு ரவுட்டரையும் சேர்த்துவிடுங்கள். கரன்ட் போகும் நேரத்தில் கையில் பொசிஷன் (இன்னும் முடிக்காத டிரேடு) இருந்தால், நெட் இல்லாமல் கம்ப்யூட்டரில் அதை மூட முடியாது.